பழுது பார்த்த இன்ஜின் மறுபடியும் படுத்தால்: நுகர்வோர் சட்டத்தில் உங்களுக்குள்ள உரிமை

இன்ஜினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டை இறக்கி, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டை மாற்றி, முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு வண்டியை ஒப்படைத்தார்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடுவதற்குள் டெம்பரேச்சர் முள் மறுபடியும் மேலே ஏறுகிறது. இந்த நிலையில் பலரும் ஆத்திரத்தில் முதலில் செய்வது, வண்டியை வேறொரு மெக்கானிக்கிடம் இழுத்துக்கொண்டு போய் இன்ஜினைப் பிரிக்கச் சொல்வதுதான். அப்படிச் செய்ய வேண்டாம். யாருடைய வேலையால் இன்ஜின் கெட்டது என்பதற்கு அந்த இன்ஜின்தான் முக்கியச் சாட்சி. முதல் ஒர்க்‌ஷாப்புக்குத் தெரியாமல் பிரித்துவிட்டால், "எங்கள் வேலை நன்றாகத்தான் இருந்தது, பிரித்தவர் கெடுத்துவிட்டார்" என்று அவர்கள் சொல்வதை மறுக்க உங்கள் கையில் எதுவும் இருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது

பணம் வாங்கிக்கொண்டு வண்டியைப் பழுது பார்ப்பது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி ஒரு 'சேவை'. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டத்தின் பிரிவு 2(11), செய்து தருவதாக ஒப்புக்கொண்ட வேலையின் தரத்திலோ செய்த விதத்திலோ உள்ள குறையையும், கவனக்குறைவையும், தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் 'சேவைக் குறைபாடு' என்கிறது. கம்பெனி சர்வீஸ் சென்டரும் தெருமுனை ஒர்க்‌ஷாப்பும் இதில் ஒன்றுதான்.

பில் தராமல் இருப்பது பிரிவு 2(47)-இன்படி தனிக் குற்றச்சாட்டு. அது நேர்மையற்ற வணிக நடைமுறை. குறைபாடான சேவைக்கு வாங்கிய பணத்தை, பில்லில் குறித்த காலத்துக்குள்ளோ, எதுவும் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள்ளோ திருப்பித் தர மறுப்பதும் அதே வகையில் வரும். பில்லின் அடியில் "வேலை முடிந்தபின் நாங்கள் பொறுப்பல்ல" என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டியதில்லை. அந்த ஒரு வரியால் வேலையைச் சரியாகச் செய்யும் கடமை நீங்கிவிடாது.

சொந்தக் காருக்கு இந்த உரிமை உண்டு. டாக்ஸி ஓட்டிப் பிழைப்பவர், அந்த வண்டியே தன் சுயதொழில் வருமானம் என்று காட்டினால் அவரும் நுகர்வோர்தான். பல வண்டிகள் வைத்து டிராவல்ஸ் நடத்தும் நிறுவனத்துக்கு இந்தக் கதவு பெரும்பாலும் திறக்காது. அவர்கள் சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

குறையை நிரூபிப்பது உங்கள் பொறுப்பு

இன்ஜின் மறுபடி கெட்டது என்று மட்டும் சொன்னால், புகாரை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையம் ஏற்காது. சேவைக் குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு புகார் தருபவருடையது என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் எஸ்ஜிஎஸ் இந்தியா வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கெட்டதற்கும் அவர்கள் செய்த வேலைக்கும் உள்ள தொடர்பை நீங்கள்தான் காட்ட வேண்டும். அதனால் வழக்கமாக எங்கே தவறு நடக்கிறது என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

ஹெட் கேஸ்கெட் வேலையில் பெரும்பாலும் நடப்பது, ஹெட் வளைந்திருக்கிறதா என்று பார்க்காமலேயே புது கேஸ்கெட்டைப் போட்டு மூடுவது. அதிகச் சூட்டில் அலுமினிய ஹெட் வளையும். நேர்கோல் வைத்து, நுண்ணிய இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜால் பார்த்தால்தான் அது தெரியும். பல பெட்ரோல் இன்ஜின்களில் 0.05 மி.மீ. தாண்டினாலே ஹெட்டை லேத்துக்கு அனுப்பிச் சமன் செய்தாக வேண்டும். இரண்டாவது தவறு போல்ட்டில் நடக்கிறது. முறுக்கும்போதே நீளும் வகைப் போல்ட்டுகளை ஒருமுறைதான் பயன்படுத்த வேண்டும். பழையதையே போட்டாலும், முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் கைக்கணக்கில் முறுக்கினாலும் பிடிமானம் சீராக இருக்காது. கூலன்ட் ஊற்றியபின் உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றாமல் விட்டால், எல்லாம் சரியாக இருந்தும் வண்டி ஹீட் ஆகும்.

முழு இன்ஜின் வேலையில் பிரச்சினை வேறு. பேரிங் தேய்ந்து உதிர்ந்த உலோகத் துகள், ஆயில் போகும் வழிகளிலும் ஆயில் கூலரிலும் தங்கியிருக்கும். அதைச் சுத்தமாகக் கழுவாமல் புது பேரிங் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும். போரின் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்மானத்தை அளக்காமல் பிஸ்டன் ரிங் மட்டும் மாற்றினால் ஆயில் எரிவது நிற்காது. வால்வு திறக்கும் நேரத்தை ஒழுங்குபடுத்தும் டைமிங் பெல்ட்டில் ஒரு பல் தள்ளிப் போட்டால்கூட வண்டி இழுக்காது. அதற்கு மேல் தள்ளினால் பல இன்ஜின்களில் வால்வு பிஸ்டனில் இடித்து வளைந்துவிடும்.

"லேத்தில் செய்த தப்பு, எங்கள் தப்பில்லை" என்ற பதில் அடிக்கடி வரும். லேத்துக்கு அனுப்பியது ஒர்க்‌ஷாப். உங்களிடம் பணம் வாங்கியதும் ஒர்க்‌ஷாப். உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களும் அவர்களே. ஸ்பேர் பார்ட்டே மோசம் என்று சொன்னால், அதன் பெட்டி, பில், தயாரிப்பாளர் பெயர் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். தேவைப்பட்டால் தயாரிப்பாளரையும் எதிர்தரப்பில் சேர்க்கலாம்.

கோளாறு தெரிந்த அன்று செய்ய வேண்டியவை

வண்டியை ஓட்டுவதை உடனே நிறுத்துங்கள். ஹீட் ஆகும் வண்டியையும், ஆயில் லைட் எரியும் வண்டியையும் "வீடுவரைதானே" என்று ஓட்டினால், அதனால் வந்த கூடுதல் சேதத்தை உங்கள் தலையில் கட்டுவார்கள். அதில் நியாயமும் உண்டு. ஓடோமீட்டர், எச்சரிக்கை விளக்கு, கூலன்ட் அளவு, ஆயில் குச்சி, கசிவு இருக்கும் இடம் எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள். இழுவை வண்டிக்குக் கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்குங்கள்.

எஸ்டிமேட், செய்யும் வேலையை எழுதித் தரும் ஜாப் கார்டு, பில், யுபிஐ பரிமாற்றம், வாட்ஸ்அப் பேச்சு ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். பில்லே தராத இடத்தில் யுபிஐ பதிவும் வாட்ஸ்அப் செய்தியும்தான் உங்களைக் காப்பாற்றும். ஜாப் கார்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது முக்கியம். "ரிங் மட்டும் போதும், போர் போட வேண்டாம்" என்று செலவைக் குறைக்க நீங்களே கேட்டு, வரக்கூடிய விளைவை அவர்கள் எழுதிக்காட்டி உங்களிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தால் உங்கள் வழக்கு பலவீனம்தான்.

அடுத்தது கடிதம். என்ன வேலை, எந்தத் தேதி, எவ்வளவு பணம், எத்தனை கிலோமீட்டரில் என்ன ஆனது என்று எழுதி, 15 நாளுக்குள் செலவில்லாமல் சரிசெய்யவோ பணத்தைத் திருப்பவோ கேளுங்கள். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். புகாருக்கு முன் நோட்டீஸ் கட்டாயம் என்று சட்டத்தில் இல்லை. ஆனாலும் சரிசெய்ய வாய்ப்புக் கொடுத்தீர்கள் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

அவர்கள் மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ, அப்போது வேறிடத்தில் பிரிக்கலாம். எந்த நாள், எந்த இடத்தில் பிரிக்கப் போகிறோம், வந்து பார்க்கலாம் என்று முதல் ஒர்க்‌ஷாப்புக்கு முன்கூட்டியே எழுத்தில் சொல்லுங்கள். பிரிப்பதற்கு முன், சிலிண்டரில் அழுத்தம் சரியாக நிற்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட், லீக்டவுன் டெஸ்ட், கூலன்ட்டில் இன்ஜினின் எரிந்த வாயு கலந்திருக்கிறதா என்ற சோதனை ஆகியவற்றின் அளவுகளை எழுதி வாங்குங்கள். பிரிப்பதை முழுதாக வீடியோ எடுங்கள். கழற்றிய கேஸ்கெட், போல்ட், பேரிங்கைப் பெயர் எழுதிப் பையில் போட்டு வையுங்கள். பார்த்தவர், "மோசமான வேலை" என்று பொதுவாக எழுதித் தந்தால் பயனில்லை. "ஹெட் இத்தனை மி.மீ. வளைந்திருந்தது, சமன் செய்த தடயம் இல்லை" என்று அளவோடு எழுதி, பிரமாணப் பத்திரமும் தர வேண்டும். ஆணையம் பெரும்பாலும் பிரமாணப் பத்திரத்தையும் ஆவணத்தையும் வைத்தே முடிவு செய்கிறது. முடிந்தால், தொழில்முறை வாகன மதிப்பீட்டாளர் ஒருவரின் அறிக்கை வாங்குவது மேல்.

வண்டியைப் பிடித்து வைத்துக்கொண்டால்

பாக்கி தந்தால்தான் வண்டி என்று ஒர்க்‌ஷாப் சொல்ல, இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 170 இடம் தருகிறது. தான் செய்த வேலைக்கான கூலி வரும்வரை பொருளை வைத்திருக்கலாம். ஆனால் அந்த உரிமை அந்த வேலைக்கான கூலிக்கு மட்டுமே. வேறு பழைய பாக்கிக்காக இந்தப் பிரிவைக் காட்டி நிறுத்த முடியாது. வண்டி உடனே தேவை என்றால், "ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்" என்று எழுத்தில் தெரிவித்துப் பணத்தைக் கட்டி எடுங்கள். அவர்கள் வசம் இருக்கும்போது வண்டியைக் கவனமாகப் பார்த்துக்கொள்வது பிரிவு 151-இன்படி அவர்கள் கடமை.

எங்கே புகார் தருவது

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அவர்கள் எதிர்தரப்பிடம் பேசிப் பார்ப்பார்கள். தீர்ப்பு சொல்லும் அதிகாரம் இல்லை. பெரிய கம்பெனி சர்வீஸ் சென்டர் என்றால் சில நேரம் இதிலேயே முடியும்.

முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். ஒர்க்‌ஷாப் வேறு மாவட்டத்தில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். எந்த ஆணையம் என்பது கொடுத்த பணத்தை வைத்துத்தான். கேட்கும் இழப்பீடும் காரின் விலையும் அதற்குக் கணக்கில்லை. 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையம் என்பதால் இன்ஜின் வேலைப் புகார் அங்கேதான் வரும். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. நேரிலும் தரலாம், நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் தரலாம். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை.

காலக்கெடு, பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டு. "அடுத்த வாரம் பார்த்துத் தருகிறோம்" என்று அவர்கள் இழுப்பதால் இந்தக் கெடு நீளாது. அந்தப் பேச்சை நம்பி உரிமையை இழந்துவிடக் கூடாது.

புகார் ஏற்கப்பட்டபின் எதிர்தரப்புக்குப் பதில் தர 30 நாள், கூடுதலாக 15 நாள். சட்டம் 3 மாதத்தில் முடிக்க முயலச் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட அதிகமாகவே ஆகும், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். இடையில் சமரசத்துக்கு அனுப்பினால் தட்டிக்கழிக்காதீர்கள்.

கேட்கக்கூடியவை: கொடுத்த கட்டணம், வேறிடத்தில் சரிசெய்த செலவு, இழுவைச் செலவு, மாற்று வண்டிச் செலவு, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு. ஒவ்வொன்றுக்கும் ரசீது இணையுங்கள். ஒரு லட்சத்துக்கும் மேல் கிலோமீட்டர் ஓடிய இன்ஜினுக்குப் பதில் புது இன்ஜின் வேண்டும் என்று கேட்பது எடுபடுவது கடினம். அளவாகக் கேட்ட தொகையை நிரூபிப்பது எளிது.

உத்தரவு வந்தபின் 45 நாளுக்குள் எதிர்தரப்பு மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம்; அதற்கு உத்தரவுத் தொகையில் பாதியைக் கட்டியாக வேண்டும். மேல்முறையீடும் இல்லை, பணமும் தரவில்லை என்றால், உத்தரவை அமல்படுத்தக் கோரும் நிறைவேற்று மனு போடுங்கள். பிரிவு 72-இன்படி உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய் முதல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.