பைஃபர்கேட்: பிளவா, கவையா?

பெரியம்மாவின் கழுத்து ஸ்கேன் அறிக்கையோடு தமிழில் ஒரு விளக்கத்தாளும் கொடுத்தார்கள். ‘கழுத்துத் தமனி பிளவுபடும் இடத்தில் கொழுப்புப் படிவு’ என்றிருந்தது. "ஏம்பா, ரத்தக்குழாய் பிளந்துபோச்சா?" என்று கேட்டார் பெரியம்மா. எல்லோருக்குமே அந்தத் தமனி அந்த இடத்தில் இரண்டு கிளையாகப் பிரியும். ஒன்று மூளைக்கும் மற்றது முகத்துக்கும் போகும். அறிக்கை சொன்னது அந்த இடத்தைத்தான். ஒன்று இரண்டாகக் கிளைப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ‘பைஃபர்கேஷன்’; அதைக் கண்டால் உடனே ‘பிளவு’ என்று எழுதிவிடுகிறார்கள். எத்தனை தடவைதான் பார்ப்பது!

லத்தீனில் ‘பை’ இரண்டு, ‘ஃபுர்கா’ கவைக்கோல், அதாவது நுனி கிளைத்த கோல். உணவு மேசை ஃபோர்க்கும் அதே வேர்தான். ஆங்கிலத்துக்குப் பைஃபர்கேட் வந்தது 17ஆம் நூற்றாண்டில்.

பிளத்தலில் வன்முறை இருக்கிறது. விறகைப் பிளக்கிறோம், கட்சி பிளவுபடுகிறது. பிளந்தபின் முழுசாக எதுவும் மிஞ்சுவதில்லை. ‘இருகூறாதல்’ என்று எழுதுவோரும் உண்டு. அது இன்னும் மோசம். கூறு என்றால் பங்கு. மீனைக் கூறு கட்டி விற்பார்களே, அந்தக் கூறு. கோணத்தைச் சரிபாதியாக்கும் கோட்டுக்குப் பள்ளிக் கணக்கிலேயே ‘இருசமவெட்டி’ என்ற சொல் இருக்கிறது. அது வெட்டுவது. பைஃபர்கேட் ஆவதில் வெட்டே கிடையாது: அடி ஒன்றாகவே நிற்கும், நுனிதான் இரண்டாகும்.

அதற்குத் தமிழில் சொல் இல்லையா? உண்டிவில்லுக்குக் கொய்யாக் கவட்டை தேடாத பிள்ளை உண்டா? சங்கப் பாட்டில் நண்டு ‘கவைத்தாள் அலவன்’, கவைத்த காலுள்ள நண்டு. வழி பிரியும் இடத்துக்கே ‘கவலை’ என்று பெயர். சிலப்பதிகாரத்தில் கோவலனுக்கு மதுரை வழி சொல்லும் மறையவன், சிவன் ஏந்திய சூலம்போல ‘அருநெறி கவர்க்கும்’, அதாவது கடினமான வழி கிளைக்கும் என்கிறான். அங்கே வழி மூன்று. இரண்டானாலும் வினை அதுதான்: கவர்த்தல். இதைவிடத் துல்லியமாக எந்தக் கலைச்சொல் குழு உட்கார்ந்து ஆக்கித் தரும்?

‘கவர்தல்’ என்றால் ஈர்த்தல் அல்லவா, குழம்புமே என்பார்கள். ஈர்த்தது ‘கவர்ந்தது’, கிளைத்தது ‘கவர்த்தது’. அப்படியும் தயக்கமென்றால் ‘கவைபிரிதல்’ என்று எழுதலாம். தமனி கவைபிரிகிறது, மூச்சுக்குழல் கவைபிரிகிறது. நோயாளிக்கான தாளில் ‘இரண்டாகப் பிரியும் இடம்’ என்றாலே போதும். அகராதியில் முதலில் கண்ணில் படுகிற பொருளை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போகும் அவசரத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. படிப்பவர் உடம்பைப் பற்றிய வாக்கியம் அது.

மாவட்டத்தை, மாநிலத்தைப் பிரிப்பதையும் நம்மூர் ஆங்கிலம் பைஃபர்கேஷன் என்கிறது. அங்கே கவை வேண்டாம். பிரிப்பதற்கு ஓர் அரசு இருக்கிறது. 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களானபோது ‘மூன்றாகப் பிரிப்பு’ என்றார்கள். அது சரியான தமிழ்.