கதம்பை அழுகும், தும்பு அழுகாது

'காயர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் மலையாளம் என்று அகராதி சொல்கிறதே, அது நம்முடைய கயிறு இல்லையா என்று குமரி மேற்கு எல்லையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மலையாளத்தில் கயர், தமிழில் கயிறு. இரண்டும் ஒரே சொல்தான். இந்தக் கரையில் கேட்டதைப் போர்ச்சுகீசியர் 'கைரோ' என்றார்கள், ஆங்கிலத்தில் அது காயர் ஆயிற்று. போன வழியில் பொருள் கொஞ்சம் நகர்ந்துவிட்டது. நமக்கு நூல் கயிறும் கயிறுதான், நைலான் கயிறும் கயிறுதான். ஆங்கிலக் காயரோ தேங்காய்த் தும்பை, அதாவது தேங்காய் நாரை மட்டும் குறிக்கும். கடையில் 'காயர் கயிறு' கேட்பவர் ஒரே சொல்லை இரண்டு தடவை சொல்கிறார்.

அவருடைய அடுத்த கேள்வி இன்னும் அருமையானது: தும்பு எடுப்பதற்காக ஊறப்போட்ட கதம்பை, அதாவது தேங்காய் மட்டை, மாதக்கணக்கில் தண்ணீரில் கிடந்து அழுகுகிறது, தும்பு மட்டும் ஏன் அழுகுவதில்லை?

கதம்பைக்குள் தும்புகளை ஒட்டவைத்திருக்கும் பசை பெக்டின். கொய்யாப் பழ ஜாம் இறுகுவதும் இதனால்தான். தும்பின் சுவரிலோ லிக்னின் என்ற மரப்பொருள் ஏறியிருக்கிறது. எடையில் ஏறக்குறைய 40 சதவீதம். பருத்தியில் அது இல்லையென்றே சொல்லலாம். ஊறப்போட்ட முதல் சில வாரங்களில் கதம்பை உப்பி, துவர்ப்புச் சாயம் இறங்கித் தண்ணீர் தேயிலை நிறமாகும். அதன்பின் பாக்டீரியாக்கள் நொதிகளைச் சுரந்து பெக்டினைக் கரைக்கின்றன. லிக்னினை உடைக்கும் நொதிகள் காளான்களிடம் உண்டு, ஆனால் அவை வேலை செய்ய ஆக்சிஜன் வேண்டும். கதம்பை புதைந்து கிடக்கும் சேற்றுக்கடியில் ஆக்சிஜன் கிடையாது. ஆகவே பசை போய்விடுகிறது, நார் நின்றுவிடுகிறது. எதைத் தின்னவேண்டும், எதை விடவேண்டும் என்று ஆக்சிஜன் இல்லாமையே தீர்மானிக்கிறது! இதைவிட நேர்த்தியாகப் பிரித்துத் தரும் இயந்திரம் எனக்குத் தெரிந்து இல்லை.

இப்படி ஊறவைத்து எடுக்கும் வெள்ளைத் தும்புக்கு 10, 11 மாதக் காய் வேண்டும். முற்றினால் லிக்னின் கூடி நார் விறைத்துவிடும்; அது தூரிகைக்கும் கால்மிதிக்கும் ஆகும், மெல்லிய கயிறு திரிக்க ஆகாது. உரித்த கதம்பையைக் காயவிடாமல் உடனே போடவேண்டும். மேலே ஓலையும் சேறும் ஏற்றி முழுக்க அமிழ்த்தவேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கதம்பை சரியாக ஊறாது. ஆறிலிருந்து பத்து மாதம் ஆகும். அவசரப்பட்டு எடுத்தால் நார்களுக்கு இடையிலுள்ள கதம்பைத் தூள் நாரிலேயே ஒட்டியிருக்கும், அதை உதிர்க்க ஓங்கி அடித்தால் நார் ஒடியும். பதமானதன் அடையாளம்: மேல்தோல் கையால் இழுத்தாலே உரிந்து வரும்.

கடலின் ஏற்ற இறக்கமுள்ள காயல் தண்ணீர் இதற்கு ஏன் உகந்தது என்றால், இறங்கிய சாயத்தை அது அடித்துக்கொண்டு போய்விடுகிறது. தேங்கிய குட்டையில் அந்தச் சாயமே திரும்ப நாரில் ஏறிக் கறுப்பாக்கும். காயலில் கடல்நீரின் சல்பேட் கலந்திருப்பதால், வேறொரு வகை பாக்டீரியா அதை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகிறது. அழுகிய முட்டை நாற்றம் அதுதான். அந்த வாயுவும் ஆக்சிஜன் குறைவும் சேர்ந்து அங்குள்ள மீனையும் இறாலையும் விரட்டுகின்றன. இடுப்பளவு தண்ணீரில் நின்று கதம்பை எடுக்கும் பெண்களின் தோலையும் அந்தத் தண்ணீர் புண்ணாக்குகிறது. தேர்ந்தெடுத்த பாக்டீரியாக்களைத் தொட்டியில் விட்டு ஊறும் காலத்தைக் குறைக்கும் ஆய்வு ஆலப்புழை அருகே கலவூரிலுள்ள மத்திய கயிறு ஆராய்ச்சி நிலையத்தில் நடந்திருக்கிறது. அந்த வேலைக்கு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்கவேண்டும், தொட்டியும் பாக்டீரியாவும் குமரிக் கரையின் சிறு தும்புக்காரர் வரைக்கும் வந்து சேரவேண்டும்.