ட்ரிப்யூட்: திறையா, அஞ்சலியா, வணக்கமா?

'ட்ரிப்யூட் ஷோ' என்றால் என்னவென்று இசை ரசிகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பழைய குழுவின் பாடல்களை, அக்குழுவின் மேல் உள்ள மதிப்பால், வேறொருவர் மேடையில் நேரடியாக வாசிப்பது. அதையே தமிழில் எழுத உட்கார்ந்தால்தான் கை தயங்குகிறது. பெரும்பாலும் 'இசையஞ்சலி' என்று போட்டுவிடுகிறோம். எனக்கு அது ஒப்பவில்லை.

'ட்ரிப்யூட்' என்ற சொல் இலத்தீனில் 'ட்ரிபூட்டும்'. பங்கிட்டுக் கொடுப்பதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. அதற்கும் அடியில் இருப்பது 'ட்ரிபுஸ்', அதாவது ரோமானியக் குடிமக்களின் குலப்பிரிவு. ஆங்கிலத்தில் இது முதலில் தோற்ற அரசன் வென்றவனுக்குக் கட்டும் பொருளைக் குறித்தது. சங்கப் பாடல்களில் வரும் 'திறை' இதுவேதான். பின்னாளில் கப்பம் என்றோம். மதிப்பின் அடையாளமாக மனமுவந்து தருவது என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் சேர்ந்தது. ராக் இசை உலகம் எடுத்துக்கொண்டது இந்தப் பிந்திய பொருளை.

பிங்க் ஃப்ளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பாடல்களை வாசிக்கும், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 1988இல் தொடங்கிய 'ஆஸ்திரேலியன் பிங்க் ஃப்ளாய்ட் ஷோ' இதற்கு நல்ல உதாரணம். 1996இல் பிங்க் ஃப்ளாய்டின் கிதார் கலைஞர் டேவிட் கில்மரின் 50ஆவது பிறந்தநாள் விருந்திலேயே அவர்கள் வாசித்தார்கள். இது ரசிகர்கள் செலுத்தும் காணிக்கை, குழப்பமில்லை.

சரி, அந்தக் குழுவில் இருந்தவரே வந்து வாசித்தால்? ஸ்டீவ் ஹாக்கெட் 1971இல் ஜெனிசிஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவில் கிதார் கலைஞராகச் சேர்ந்து 1977இல் விலகினார். பிறகு தனியாகப் பல ஆல்பங்கள். 1996இலும் 2012இலும் ஜெனிசிஸ் பாடல்களைப் புதிதாகப் பதிவு செய்தார். 2013இல் அவற்றோடு ஊர் ஊராகக் கிளம்பி லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலிலும் வாசித்தார். 2019இல், 1973இல் வந்த 'செல்லிங் இங்கிலாந்து பை தி பவுண்டு' ஆல்பத்தை முழுவதுமாக மேடையேற்றினார். தன் நிகழ்ச்சிக்கு அவர் வைத்த பெயர் 'ஜெனிசிஸ் ரீவிசிட்டட்', அதாவது ஜெனிசிஸிடம் மீண்டும் போவது. பெயரில் ட்ரிப்யூட் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அந்த ஆல்பத்தில் உள்ள 'ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்' பாட்டைக் கேட்டால் காரணம் புரியும். நடுவில் புல்லாங்குழலில் ஒரு மெல்லிய மெட்டு வரும். பின்னால் அதே மெட்டை ஹாக்கெட்டின் கிதார் எடுத்து நீட்டும். ஒவ்வொரு சுரமும் அறுபடாமல் தொங்கி நிற்கும். அவசரமே இல்லாத வாசிப்பு. ராக் இசையில் இதைவிட அழகான கிதார் பகுதிகள் மிகச் சிலவே என்பேன். மேடையில் அவர் அதை வாசிக்கும்போது யாரையும் பார்த்துப் போலச்செய்யவில்லை. முதலில் வாசித்த விரல்களே மறுபடி வாசிக்கின்றன. அதே சமயம் மெட்டு அவருடையது மட்டுமல்ல. பாட்டின் பெரும்பகுதி ஜெனிசிஸின் கீபோர்டு கலைஞர் டோனி பேங்க்ஸ் உருவாக்கியது. ஜெனிசிஸில் பீட்டர் கேப்ரியலும் ஃபில் காலின்ஸும் பாடியவற்றை ஹாக்கெட்டின் மேடையில் நேட் சில்வன் என்ற பாடகர் பாடுகிறார். ஆக, பாதி உரிமை, பாதி வணக்கம்.

இதற்குத் தமிழ்ச் சொல் எது? 'திறை' சரித்திரத்துக்குச் சரி, இசைக்குச் சரிவராது. அதில் அடிபணிவு இருக்கிறது. 'அஞ்சலி' வடசொல், கைகூப்புதல் என்பதே அதன் பொருள், பரதத்தில் அஞ்சலி முத்திரை அதுதான். ஆனால் தெருமுனையில் ஒட்டியிருக்கும் 'கண்ணீர் அஞ்சலி' சுவரொட்டிகள் அந்தச் சொல்லை மறைந்தவர்களுக்கே ஒதுக்கிவிட்டன. 'ஜெனிசிஸுக்கு இசையஞ்சலி' என்று எழுதினால், யார் போய்விட்டார் என்றுதான் முதலில் கேட்பார்கள். 2013இல் ஹாக்கெட் கிளம்பியபோது, எழுபதுகளில் ஜெனிசிஸில் அவருடன் வாசித்த நால்வரும் உயிரோடு இருந்தார்கள்.

'இசை வணக்கம்' பொருந்துகிறது. இருப்பவருக்கும் சொல்லலாம், இல்லாதவருக்கும் சொல்லலாம். ட்ரிப்யூட் பேண்டை 'வணக்க இசைக்குழு' எனலாம். முதலில் கொஞ்சம் புதிதாக ஒலிக்கும், புழங்கினால் பழகிவிடும். ஹாக்கெட்டைப் போல முன்னாள் உறுப்பினரே வாசிப்பதற்கு மட்டும் 'மீளிசை' என்று தனியாகச் சொல்வேன். 'ஹாக்கெட்டின் ஜெனிசிஸ் மீளிசை' என்று எழுதிப் பாருங்கள். மீண்டும் இசைப்பவர் முன்பும் அதை இசைத்தவர் என்பது அந்த 'மீள்' என்பதிலேயே வந்துவிடுகிறது.