பழைய ஸ்பீக்கர் பார்க்கப் போகிறீர்களா? பையில் ஒரு பேட்டரி செல் இருக்கட்டும்

போன ஐப்பசி மழைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தம்பி லோடு ஆட்டோவில் இரண்டு டவர் ஸ்பீக்கரை ஏற்றிக்கொண்டு என் சர்வீஸ் கடைக்கு வந்தார். "வாங்கி மூணு நாள்தான் ஆச்சுண்ணே. ஒண்ணுல மட்டும் கரகரன்னு சத்தம் வருது. லேசா பார்த்துக் குடுத்துடுங்க" என்றார். விலை இருபத்திரண்டாயிரம். ஆன்லைனில் படம் பார்த்து, முன்பணம் அனுப்பி, ராத்திரி ஒன்பது மணிக்கு யாரோ ஒருவருடைய கார் ஷெட்டில் இருந்து எடுத்து வந்திருக்கிறார்.

நான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கவே இல்லை. பெட்டியைப் படுக்கப் போட்டு அடி விளிம்பில் நகத்தை ஓட்டினேன். டீயில் நனைத்த பிஸ்கட் மாதிரி மரம் உப்பியிருந்தது. அதன் மேல் புதிதாகக் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். ஒரு முழ உயரம் வரை ஸ்க்ரூ எல்லாம் துரு. அதற்கு மேலே இருந்ததெல்லாம் பளபள. "தம்பி, இது தண்ணியில நின்ன பெட்டி" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

சென்னையில் இந்தத் தொழில் செய்கிறவனுக்கு இது புதிதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறமும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கு அப்புறமும் நனைந்த பெட்டிகள் காய்ந்து, துடைக்கப்பட்டு, மாதக்கணக்கில் கைமாறிக்கொண்டே இருந்தன. ஸ்பீக்கர் பெட்டிகள் பெரும்பாலும் எம்டிஎஃப் என்கிற அழுத்திய மரத்தூள் பலகையில் செய்தவை. அது ஒருமுறை தண்ணீர் குடித்து உப்பினால் பழையபடி ஆகாது. பெட்டியாவது பரவாயில்லை, வேறு செய்துகொள்ளலாம். காந்தத்துக்கும் காயில் என்கிற கம்பிச் சுருளுக்கும் நடுவே இருப்பது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி. அதில் துரு ஏறிவிட்டால் காயில் உரசும். தம்பி கேட்ட கரகர சத்தம் அதுதான்.

இதைச் சொல்வதால் பழைய ஸ்பீக்கர் வாங்காதீர்கள் என்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நேர்மாறாக, வீட்டுத் தியேட்டரில் பழையதாக வாங்கத் தகுந்த சாமான் ஒன்று உண்டென்றால் அது ஸ்பீக்கர்தான். காந்தம், அதற்குள் ஒரு காயில், காயிலோடு ஒட்டி, ஆடிச் சத்தம் எழுப்பும் கோன். ஜெனரல் எலக்ட்ரிக்கில் இருந்த ரைஸ், கெல்லாக் இருவரும் 1925-ல் காட்டிய அதே வேலைதான் இன்றைய ஸ்பீக்கரிலும் நடக்கிறது. பதினைந்து வருடத்துக்கு முன் நன்றாகச் செய்த ஒரு ஸ்பீக்கர் இன்றும் நல்ல ஸ்பீக்கர்தான். எல்லா ஸ்பீக்கருக்கும் ஒலியைப் பிரித்துப் பவர் கொடுக்கும் ஏவி ரிசீவர் அப்படியில்லை. 2012-ல் வாங்கிய ரிசீவர் வழியாக இன்றைய 4கே படத்தை டிவிக்கு அனுப்ப முடியாது, படமும் ஒலியும் போகும் எச்டிஎம்ஐ இணைப்பின் தலைமுறை மாறிவிட்டது. தலைக்கு மேலிருந்தும் ஒலி வர வைக்கும் அட்மாஸ் வீட்டு ரிசீவரில் வந்ததே 2014-ல்தான். அதனால் என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு ஒரே பதில்: ரிசீவரைப் புதிதாக வாங்குங்கள், ஸ்பீக்கரைப் பழையதாக வாங்குங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

சரி, எதை முதலில் மாற்றுவது? வருகிறவர்கள் எல்லோரும் கீழ்ச் சத்தமான பேஸுக்கென்றே இருக்கும் சப் ஊஃபரைத்தான் கேட்கிறார்கள். சுவர் அதிர வேண்டுமாம். ஆனால் அவர்களுடைய உண்மையான குறை வேறு. "சண்டை வந்தா காது கிழியுது, பேசினா கேக்க மாட்டேங்குது, ரிமோட்டைக் கையிலயே வச்சிருக்க வேண்டியிருக்கு" என்பார்கள். 5.1 படத்தில், அதாவது ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப் ஊஃபரும் வைத்துக் கேட்கும் படத்தில், வசனத்தின் பெரும்பகுதி நடுவில் வைக்கும் சென்டர் ஸ்பீக்கரில்தான் வருகிறது. பெட்டியோடு செட்டாக வந்த ஹோம் தியேட்டரில் அந்த சென்டர், உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் கூட்டுக்குள் மூன்று அங்குல கோன். ஆண் குரலின் கீழ்ப்பகுதி அதிலிருந்து வரவே வராது. அந்தப் பகுதியை மூலையில் கிடக்கும் சப் ஊஃபர் எடுத்துக்கொள்ளும். அப்பாவின் குரலில் பாதி டிவிக்குக் கீழே இருந்தும் பாதி பீரோவுக்குப் பின்னால் இருந்தும் வந்தால் வசனம் எப்படிப் புரியும்? ஐந்து அங்குலமோ அதற்கு மேலோ கோன் உள்ள சென்டரும், முடிந்தால் அதே கம்பெனியின் அதே வரிசையில் முன்பக்க ஜோடியும் கிடைத்தால் முதலில் அதை வாங்குங்கள். பின்பக்க ஸ்பீக்கர் வேறு ஜாதியாக இருந்தாலும் காது மன்னித்துவிடும். முன்னால் இருக்கும் மூன்றும் ஒரே குரலில் பேச வேண்டும். இல்லாவிட்டால் கார் இடமிருந்து வலம் போகும்போது நடுவில் வேறு கார் ஆகிவிடும்.

இனி சோதனை. எடுத்துப் போக வேண்டியது ஒரு டார்ச், சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் செல், ஒன்றரை அடி வயர், ஒரு மல்டிமீட்டர், உங்களுக்கு மனப்பாடமான இரண்டு பாட்டு. பகலில் போங்கள்.

முன்வலையைக் கழற்றச் சொல்லுங்கள். "அது ஒட்டினது சார், வராது" என்று சொன்னால் எனக்கு அப்போதே சந்தேகம் வரும். கோனைச் சுற்றி இருக்கும் வளையத்தைப் பாருங்கள். அது ரப்பராக இருந்தால் நிம்மதி, வெகுகாலம் உழைக்கும். ஃபோமாக இருந்தால் வயதைக் கேளுங்கள். ஈரக்காற்றில் அந்த ஃபோம் மெல்ல மெல்ல மக்கும். பத்துப் பதினைந்து வருடத்தில் விரல் பட்டாலே உதிரும். கடலோர ஊர்களில் அதற்கு முன்னாலும் போய்விடுகிறது. விற்கிற சிலர் அதன் மேல் கறுப்பு மையோ பசையோ பூசி மினுங்க வைத்திருப்பார்கள். விரல் நுனியால் மெதுவாக அமுக்கிப் பாருங்கள். துணி மாதிரி வளைந்து கொடுத்தால் நல்லது. விரலில் பொடி ஒட்டினால் ஆயுள் முடிந்தது.

ஆனால் ஃபோம் போன ஸ்பீக்கர் என்றால் ஓடிவிட வேண்டாம், அதை வைத்தே விலையைக் குறையுங்கள். கோன் நடுவே இருக்கும் நடுமூடியை பிளேடால் எடுத்து, காயிலுக்கும் உள் இரும்புக்கும் நடுவே பழைய எக்ஸ்ரே ஃபிலிமைக் கீற்றாக வெட்டிச் செருகி, காயில் நட்டநடுவில் நிற்கும்படி செய்து, புது ஃபோமை ஒட்டி, ஒரு ராத்திரி விட்டுவிட்டு, காலையில் கீற்றுகளை உருவினால் வேலை முடிந்தது. எங்களுக்கு இது அன்றாட வேலை. ஒரிஜினல் கோன் அப்படியே இருப்பதால் சத்தமும் மாறாது. நான் பயப்படுவது முழுக் கோனையே மாற்றிய பெட்டிக்குத்தான். ஒன்றில் மட்டும் கடைத்தெருக் கோன் போட்டிருந்தால் ஜோடி ஜோடியாகவே இருக்காது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கோனின் நிறம், நடுமூடியின் அளவு, பின்பக்க சீரியல் எண் எல்லாம் பாருங்கள்.

அப்புறம் காயில். இரண்டு கை விரல்களையும் நடுமூடிக்கு இரு பக்கமும் சம தூரத்தில் வைத்து, கோனை மெதுவாக உள்ளே அமுக்கி விடுங்கள். காதைக் கிட்டே கொண்டு போங்கள். சத்தமே இல்லாமல் போய்த் திரும்ப வேண்டும். "சர்ர்" என்று கேட்டால் உரசுகிறது. ஒரு பக்கம் மட்டும் அமுக்கினால் நல்ல ஸ்பீக்கரும் உரசும், அது சோதனை ஆகாது. கூடவே பின்பக்கத் துளையில் மூக்கை வைத்து மோந்து பாருங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. மிக்ஸி மோட்டார் எரிந்தால் வருமே, அந்த வாசனை உள்ளே இருந்து வந்தால் மொட்டைமாடிப் பார்ட்டியில் உழைத்துக் களைத்த பெட்டி அது. டார்ச் அடித்தால் வேறு சிலவும் தெரியும்: எலி கொண்டுபோய் வைத்த பஞ்சு, கரையான் மண். ஒரு முறை ஒரு பல்லிக் குடும்பமே இருந்தது.

பேட்டரி செல்லின் பிளஸ்ஸைச் சிவப்பு முனையிலும் மைனஸைக் கறுப்பிலும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். "டப்" என்று கோன் வெளியே வர வேண்டும். இரண்டிலும் ஒரே மாதிரி வர வேண்டும். ஒன்று வெளியேயும் ஒன்று உள்ளேயும் போனால் யாரோ திறந்து வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படியே ஓட்டினால் பேஸ் எங்கே போனது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். மல்டிமீட்டரை மின்தடை அளக்கும் ஓம்ஸில் வைத்தால் 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் ஆறு, ஆறரை காட்டும். 4 ஓம்ஸ் மூன்று, மூன்றரை காட்டும். குறைகிறதே என்று பயப்பட வேண்டாம், மீட்டர் அளப்பது டிசி. ஒன்றுமே காட்டாவிட்டால்தான் கவலை.

இதில் ஒரு பொறி உண்டு. மேல் சத்தத்தை எழுப்பும் சின்ன ட்வீட்டருக்கு முன்னால் டிசியை விடாத ஒரு கெப்பாசிட்டர் இருப்பதால் செத்த ட்வீட்டரைப் பேட்டரியும் காட்டாது, மீட்டரும் காட்டாது. கீழ்ச் சத்தத்துக்கான ஊஃபர் ஆடுகிறது, மீட்டர் ஆறரை என்கிறது, நீங்களும் சந்தோஷமாகப் பணத்தை எடுப்பீர்கள். ட்வீட்டரைக் காதால்தான் பிடிக்க வேண்டும். செய்தித்தாளைக் குழாயாகச் சுருட்டி ஒரு முனையை ட்வீட்டர் முன்னாலும் மறுமுனையைக் காதிலும் வைத்து, ஜால்ராவோ சலங்கையோ வருகிற பாட்டைப் போடுங்கள். இரண்டு பெட்டியிலும் ஒரே அளவு பளிச்சென்று கேட்க வேண்டும். ஒன்று மங்கினால் உள்ளே கெப்பாசிட்டர் பழுதாக இருக்கலாம், அது சின்னச் செலவு. ட்வீட்டரே போயிருந்தால் அதே மாடல் கிடைக்கிறதா என்று சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் இரண்டு நாள் அலைந்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும்.

வாட்ஸைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பெட்டியில் பிஎம்பிஓ என்கிற விளம்பர வாட்ஸ் கணக்கை ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். தொடர்ந்து தாங்கும் பவரைச் சொல்லும் ஆர்எம்எஸ் வாட்ஸையும், அதைவிட முக்கியமாக, கொடுத்த பவருக்கு எவ்வளவு சத்தம் வரும் என்று சொல்லும் சென்சிட்டிவிட்டி டெசிபலையும் பாருங்கள். 85-க்கும் 88-க்கும் மூன்றுதானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் அதே சத்தத்துக்கு 88 டெசிபல் ஸ்பீக்கர் பாதி பவரைத்தான் கேட்கும். இன்னொன்று, ஸ்பீக்கருக்குப் பவர் கொடுக்கும் ஆம்ப் சின்னதாக இருந்து, அதை முழு வால்யூமில் கதற விடுவதால் எரிந்த ட்வீட்டரைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பெரிய ஆம்ப்பில் நிதானமாக ஓடியவை குறைவாகவே எரிகின்றன.

ஓம்ஸ் விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். பெட்டி செட்டுகளில் வரும் ஸ்பீக்கர்களில் 3 ஓம்ஸ், 4 ஓம்ஸ் சகஜம். அவை அந்த செட்டின் ஆம்ப்புக்கென்றே செய்தவை. அவற்றைக் கழற்றி, பின்னால் "6 ஓம்ஸ் முதல்" என்று அச்சிட்ட ரிசீவரில் போட்டால் கொஞ்ச நேரம் பாடும், அப்புறம் சூடாகி புரொடெக்‌ஷனில் போய் அணைந்துவிடும். அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் அணையாமலே எரியும். அதே செட்டின் சப் ஊஃபரும் புது ரிசீவருக்கு உதவாது. ரிசீவரின் சப் ஊஃபர் துளையில் வருவது வெறும் சிக்னல், பவர் இல்லை. தனக்கென்று ஆம்ப்பும் மின் வயரும் உள்ள ஆக்டிவ் சப் ஊஃபர்தான் வேண்டும். மின் வயர் இல்லாத சப் ஊஃபரை நாலாயிரத்துக்கு வாங்கிவிட்டு "எங்கே சொருகுறது சார்?" என்று போன் செய்தவர்கள் ஒருவர் இருவர் இல்லை.

ஆக்டிவ் சப் ஊஃபரில் கோனைவிட ஆம்ப் போர்டுதான் முதலில் சாகும். இருபது நிமிடமாவது ஓட விட்டு, பாட்டை நிறுத்தி, பக்கத்தில் குனிந்து கேளுங்கள். "ம்ம்ம்" என்று உறுமினால் போர்டில் கெப்பாசிட்டர் களைத்துவிட்டது. பின்பக்கத் தகட்டில் வோல்ட் என்ன என்று கட்டாயம் படியுங்கள். அமெரிக்காவில் இருந்து வீடு மாறி வருகிறவர்கள் சாமானோடு கொண்டுவரும் சப் ஊஃபர் பல 120 வோல்ட். சிலவற்றில் 115, 230 என்று மாற்றும் சுவிட்ச் இருக்கும், பலவற்றில் இருக்காது. நம் 230-ல் நேராகச் சொருகினால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தொழிலுக்கு வந்து எட்டு வருடம் ஆன பிறகு, நல்ல விலைக்குக் கிடைத்த அவசரத்தில், நானே ஒன்றைச் சொருகியிருக்கிறேன். ஒரு வெடி, ஒரு புகை. அன்றைக்குக் கடையில் வாடிக்கையாளர் இரண்டு பேர் வேறு இருந்தார்கள்.

பணம் கொடுக்கும் விஷயத்தில், சாமானைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் வேண்டாம். "ராணுவத்தில் இருக்கிறேன், டிரான்ஸ்ஃபர், பார்சலில் அனுப்புகிறேன்" என்று வருகிற கதை பழைய ஏமாற்று. நீங்கள் விற்கிறவராக இருந்தாலும் கவனம்: பணம் வாங்குவதற்கு கியூஆர் ஸ்கேன் செய்யவும் வேண்டாம், யுபிஐ பின் போடவும் வேண்டாம். பின் போட்டால் பணம் வெளியேதான் போகும். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

தம்பியின் டவர்கள் என்ன ஆயின என்றால், விற்றவர் போனை எடுக்கவில்லை. ஆனால் தண்ணீர் ஒரு முழத்துக்கு மேல் ஏறாததால் இரண்டு பெட்டியிலும் ட்வீட்டரும் மேல் ஊஃபரும் பிழைத்திருந்தன. ஒலியை ட்வீட்டருக்கும் ஊஃபருக்கும் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவரைக் கழற்றிக் காயவைத்து, கெப்பாசிட்டர் மாற்றி, எங்கள் ஆசாரியிடம் பிளைவுட்டில் சின்னதாக இரண்டு பெட்டி செய்து மாட்டிக் கொடுத்தேன். டவராக இருந்தவை புக்‌ஷெல்ஃப் ஆகிவிட்டன. பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹாலுக்கு, உள்ளதைச் சொன்னால், அதுவே போதும். சென்டர் மட்டும் இன்னும் வாங்கவில்லை. போன வாரம் அண்ணா நகரில் ஒன்று பார்க்கப் போவதாக வந்து என் மல்டிமீட்டரை இரவல் வாங்கிப் போனார். இன்னும் திருப்பித் தரவில்லை.