அஃபெரிசிஸ்: மோரைத் திருப்பித் தரும் தானம்

"எடுத்ததையே திருப்பி விடுகிறார்கள் என்றால் அது என்ன தானம், சாமி?"

டெங்குக் காலத்தில் கோவையில் ஒரு குருதி வங்கிக்கு, குருதி உறைய உதவும் தட்டணு (பிளேட்லெட்) கொடுக்கப் போயிருந்தேன். துணைக்கு வந்த அமுச்சி (அம்மாவின் அம்மா) கேட்ட கேள்வி இது. கையெழுத்துக்காக நீட்டிய தாளில் 'அஃபெரிசிஸ் முறையில் இரத்த நீக்கம்' என்று இருந்தது. குருதியில் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தவருக்கே திருப்பி விடும் முறை அது. அதை அவருக்குப் படித்துக் காட்டியது என் தவறு.

கிரேக்கத்தில் 'அஃபைரெசிஸ்' என்றால் அகற்றி எடுத்தல். ஐரோப்பிய இலக்கணத்தில் சொல்லின் தலையெழுத்து உதிர்வதற்கும் இதுவே பெயர். தாமரை 'மரை' ஆவதை நாம் முதற்குறை என்கிறோமே, அதுதான். மருத்துவத்துக்குள் இது 1914இல் நுழைந்தது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் ஜேக்கப் ஏபெலும் கூட்டாளிகளும் நாய்களின் குருதியை எடுத்து, அதன் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை நீக்கி, அணுக்களை மீண்டும் உடலுக்குள் செலுத்தினார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயர் பிளாஸ்மாஃபெரிசிஸ். இன்று மருத்துவமனைகளில் வெறும் 'ஃபெரிசிஸ்' என்றும் சொல்வதுண்டு. முதற்குறை என்று பொருள்படும் சொல்லுக்கே முதற்குறை!

அஃபெரிசிஸுக்குத் தமிழில் 'நீக்கம்' என்பது அகராதிக்குச் சரி, நாற்காலியில் சாய்ந்திருப்பவருக்குச் சரியில்லை. உண்மையில் நடப்பதைப் பாலிலிருந்து கிரீம் பிரிக்கும் எந்திரத்தைப் பார்த்தவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். குருதி குழாய் வழியே போய்ச் சுழல்கிறது. எடைக்கேற்ப அடுக்கடுக்காகப் பிரிகிறது. தட்டணுக்கள் கலங்கிய இளமஞ்சள் நிறத்தில் ஒரு பையில் சேர, மீதி கைக்கே திரும்புகிறது. ஒன்று முதல் இரண்டு மணி நேர வேலை. இவ்வளவையும் சொல்லி முடித்ததும் அமுச்சி, "வெண்ணெயை வைத்துக்கொண்டு மோரைக் கொடுத்துவிடுகிறார்கள், அவ்வளவுதானே?" என்றார்.

'பிரித்தெடுப்பு' என்றும் எழுதுகிறார்கள். ஆனால் சாதாரணமாகக் கொடுத்த குருதிப் பையையும் பிறகு ஆய்வகத்தில் சுழற்றிப் பிரிக்கத்தான் செய்கிறார்கள். அதைக் கூறுபிரிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். ஆளிடமிருந்தே வேண்டிய கூறை மட்டும் எடுப்பது கூறெடுப்பு. தட்டணுக் கூறெடுப்பு, பிளாஸ்மாக் கூறெடுப்பு என்று நீட்டினாலும் வாயில் இடறவில்லை. என் ஓட்டு இதற்கே.

திரும்பி வரும் குருதியோடு புதிதாக ஒன்றும் உள்ளே வருகிறது. குழாயில் உறையாமலிருக்கக் கலக்கும் சிட்ரேட், இரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அரைமணி போனதும் என் உதட்டோரத்தில் எறும்பு ஊர்ந்தது, விரல் நுனி மரத்தது. செவிலியர் வேகத்தைக் குறைத்து ஒரு கால்சியம் மாத்திரை கொடுத்தார். சற்று நேரத்தில் சரியாயிற்று. வாய் திறந்து சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும், வீரம் காட்ட இது இடமில்லை.

எடுத்த தட்டணு சில நாட்களில் ஊறிவிடும், அதன் ஆயுளே எட்டுப் பத்து நாள்தான். அதனால் இந்திய விதிப்படி 48 மணி நேரம் கழித்து மறுபடியும் கொடுக்கலாம். வாரத்துக்கு இருமுறை, ஆண்டுக்கு 24 முறை என்பது உச்சவரம்பு. முழுக்குருதி கொடுத்த ஆண் 90 நாளும் பெண் 120 நாளும் காத்திருக்க வேண்டும். சிவப்பணுவோடு போன இரும்பு மெதுவாகத்தான் ஈடாகும்.

கூறெடுப்பில் சிவப்பணு திரும்பிவிடுகிறதே என்று இரும்பை மறந்துவிடக் கூடாது. குழாயில் தங்கும் கொஞ்சமும் சோதனைக்கு எடுக்கும் கொஞ்சமும் ஒவ்வொரு முறையும் போகின்றன. எப்போதாவது கொடுப்பவருக்கு அது ஒரு பொருட்டல்ல. மாதந்தோறும் போய் உட்கார்பவருக்குக் கணக்கு சேரும். சிலவகை எந்திரங்களில் லிம்போசைட் வெள்ளணுக்களும் சிக்கிக்கொள்கின்றன. பல ஆண்டுகள் அடிக்கடி தட்டணு கொடுத்தவர்கள் சிலரிடம் அவை குறைந்திருப்பதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அதனால் நோய்த்தொற்று கூடியதாக நிறுவப்படவில்லை.

ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே உடலின் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கக்கூடும். அதைக் காட்டுவது ஃபெரிட்டின் சோதனை. அடிக்கடி கொடுப்பவர்கள் அதையும் கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.