கட்டடம் வந்துவிட்டது, கரண்ட் பில் யார் கட்டுவது?

ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பொருளாளர் அக்கா ஒரு ஜனவரி மாதம் கணக்குப் பார்க்கச் சொல்லி என்னிடம் வந்தார். கையில் ஒரு சொப்பிங் பை. "தம்பி, ஒரு துண்டும் எறியேல்லை. எல்லாம் இதுக்குள்ளதான் கிடக்கு" என்று சொல்லி மேசையில் கொட்டினார். ஹாட்வெயார் கடைத் துண்டுகள், மணல் ஏற்றியவர் கொப்பித் தாளில் எழுதிக் கொடுத்த சீட்டு, மேசன் காசு வாங்கியதற்குப் போட்ட கையெழுத்து. நடுவில் இரண்டு வெறும் வெள்ளைத் தாள்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவை கடை மெஷினில் அடித்துக் கொடுத்த பில்கள். நம்முடைய வெக்கையில் சில மாதம் அலுமாரிக்குள் கிடந்ததில் எழுத்து முழுக்க அழிந்துவிட்டது.

பையின் அடியில் ஒரு அடகுச் சீட்டும் இருந்தது. சங்கக் கணக்குக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "வேலை முடிஞ்சும் காசு வரேல்லை. மேசன் பாவம், எத்தனை நாளைக்குப் பொறுப்பான்? என்ர காப்பை வைச்சுக் குடுத்தனான்."

இருபது வருடங்களாக யாழ்ப்பாணத்துச் சின்னச் சங்கங்களின் கணக்குகளைப் பார்த்துக் கொடுத்து வருகிறேன். சனசமூக நிலையம், மாதர் சங்கம், விளையாட்டுக் கழகம், முதியோர் சங்கம், மரண உதவிச் சங்கம் என்று பலதும் என் மேசைக்கு வந்திருக்கின்றன. உதவி கிடைக்காமல் முடங்கிய சங்கங்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் உதவி கிடைத்த பிறகு முடங்கியவை அதைவிட அதிகம். ஒரு பொருளைக் கட்டவோ வாங்கவோ காசு கேட்க நமக்குத் தெரியும். அதை வைத்து நடத்தக் காசு கேட்க நாம் கூச்சப்படுகிறோம். அந்தக் கூச்சத்தின் விலையைத்தான் அந்த அக்கா தன் காப்பால் கட்டினார்.

முதலில் அந்தக் காப்பின் கதை. அரச நிதியில் ஒரு உள்வீதியோ வாய்க்காலோ போடும்போது, சிறிய வேலையாக இருந்தால் அதை ஊர்ச் சங்கத்துக்கே ஒப்பந்தமாகக் கொடுக்கலாம். நல்ல ஏற்பாடு. வேலை ஊரவருக்குக் கிடைக்கும், மிச்சம் பிடித்தால் சங்கத்துக்குச் சேரும். ஆனால் பெரும்பாலும் வேலை நடந்த பிறகுதான் காசு வரும். தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து அளக்க வேண்டும், செய்த வேலைக்கான பில், அதாவது பட்டியல், போக வேண்டும், கையெழுத்துகள் விழ வேண்டும். அதுவரை சீமெந்துக்கும் கூலிக்கும் சங்கம்தான் முன்னுக்குப் போட வேண்டும். வங்கியில் சில ஆயிரம் ரூபா வைத்திருக்கும் ஒரு மாதர் சங்கம் அதை எங்கிருந்து போடும்?

இதில் பருவமும் சேர்ந்துகொள்கிறது. நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பர் 31இல் முடிகிறது. ஒதுக்கீடு மேலிருந்து இறங்கி ஊருக்கு வரும்போது பல வருடங்களில் செப்ரெம்பர், ஒக்ரோபர் ஆகிவிடும். வருடம் முடியுமுன் செலவழிக்காவிட்டால் காசு திரும்பிப் போய்விடும். நமக்கோ ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரைதான் மாரி. வெள்ளம் நிற்கும் ஒழுங்கையில் கொங்கிரீட் போடச் சொன்னால் என்ன செய்வது? வேலை பிந்தும், அளவெடுப்பு பிந்தும், பட்டியல் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப் போகும். அந்த அக்காவுக்கு நடந்தது அப்படியே இதுதான். அந்த அலுவலகத்தில் எவரும் கெட்ட எண்ணத்தோடு நடக்கவில்லை. ஆனாலும் அடகு வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் இரண்டு கேள்விகளை வாய்விட்டுக் கேளுங்கள். முற்பணம் உண்டா? எத்தனை கட்டமாகக் காசு வரும்? பதில் திருப்தியில்லை என்றால், ஹாட்வெயார் கடைக்காரரோடு பேசி, எவ்வளவு கடன், எத்தனை நாள் தவணை என்று எழுத்தில் வாங்குங்கள். அதற்கும் மேல் ஒரு உறுப்பினர் கைக்காசு போடத்தான் வேண்டுமென்றால், கூட்டம் கூட்டி, அது சங்கம் அவரிடம் வாங்கிய கடன் என்று கூட்டக் குறிப்பில் எழுதி, காசேட்டிலும் பதியுங்கள். எழுதாக் கடன் அழுதாலும் தீராது என்பது சங்கத்துக்கும் பொருந்தும். அந்த அக்காவின் காப்புக் காசு எங்கேயும் பதிவில் இருக்கவில்லை. ஒப்பந்தப் பணம் கடைசியில் வந்து சேர்ந்தபோது, முதலைத் திருப்பி எடுக்கவே அவர் கூச்சப்பட்டார். நான் வற்புறுத்தி ஒரு விசேட பொதுக்கூட்டம் கூட்டச் செய்தேன். முதலோடு அடகு வட்டியையும் சங்கமே கொடுப்பதென்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அன்றுதான் அப்படி ஒரு காப்பு அடகில் இருந்ததே தெரியும்.

சரி, காசு எங்கிருந்து வருகிறது? யாழ் மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகளும் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் இருக்கின்றன. கிராம அபிவிருத்திச் சங்கங்கள் பிரதேச செயலகத்தோடு தொடர்புபட்டவை. சனசமூக நிலையங்கள் உள்ளூராட்சிச் சபையில் பதிவாகும். யாழ் மாநகர சபை, மூன்று நகர சபைகள், பதின்மூன்று பிரதேச சபைகள் என்று அப்படிப் பதினேழு சபைகள். இவற்றைவிட, பாராளுமன்ற உறுப்பினர்கள் தங்கள் மாவட்டத்து வேலைகளுக்குப் பரிந்துரைக்கும் பன்முகப்படுத்தப்பட்ட நிதி இருக்கிறது. வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அதன் பிறகு போய்க் கேட்க மாகாண சபை உறுப்பினர் எவரும் இல்லை. உள்ளூராட்சிச் சபைகளிலும் 2023 மார்ச் முதல் 2025 மே தேர்தல் முடியும்வரை உறுப்பினர்கள் இல்லை. இப்போது வட்டாரத்துக்கு வட்டாரம் உறுப்பினர் இருக்கிறார். சபைகள் அடுத்த வருடத்துக்கான வரவு செலவுத் திட்டத்தை வருடக் கடைசியில்தான் நிறைவேற்றும். ஆனால் உங்கள் கடிதம் ஓகஸ்ட், செப்ரெம்பரிலேயே தவிசாளரின் கையில் இருக்க வேண்டும். ஜனவரியில் கொண்டுபோய்க் கொடுக்கும் கடிதத்துக்கு அந்த வருடத்தில் இடமிருக்காது.

வருடக் கடைசியில் இன்னொன்றும் நடக்கும். வேறெங்கோ செலவாகாமல் மிஞ்சிய காசு இருக்கிறது, பத்து நாளைக்குள் கடிதமும் மதிப்பீடும் தாருங்கள் என்று அலுவலகத்திலிருந்து கோல் வரும். அந்தப் பத்து நாளில் பதிவைப் புதுப்பித்து, பொதுக்கூட்டம் வைத்து, கணக்காய்வு செய்து முடிக்க எவராலும் முடியாது. பதிவுச் சான்றிதழ், யாப்பு, கடைசிப் பொதுக்கூட்ட அறிக்கை, கணக்கறிக்கை, வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம் ஆகிய ஐந்தும் ஒரு கோப்பில் தயாராக இருக்கும் சங்கத்துக்குத்தான் அந்தக் காசு போகும். ஆள் செல்வாக்கு என்று ஊரில் பேசுவார்கள். சில இடத்தில் அதுவும் இருக்கலாம். ஆனால் நான் பார்த்தவரை அந்தக் கோப்புக்கு இருக்கும் செல்வாக்கு அதிகம். மெஷின் பில்லை வாங்கிய அன்றே போட்டோக்கொப்பி எடுத்து மூலத்தோடு சேர்த்துக் குத்தி வைக்கும் பழக்கமும் அதில் சேர்த்திதான்.

இனி என் மனதை அதிகம் உறுத்தும் விடயத்துக்கு வருகிறேன்.

வலிகாமத்தில் ஒரு சனசமூக நிலையம். புலம்பெயர்ந்த ஊரவர்கள் சேர்ந்து மேல்மாடி எடுத்து, டைல்ஸ் போட்டு, ஐந்து கணினிகளும் வாங்கிக் கொடுத்தார்கள். திறப்பு விழாவுக்கு மேளம், மாலை, பெயர் பொறித்த கல் எல்லாம் இருந்தன. இரண்டு வருடம் கழித்துக் கணக்குப் பார்க்கப் போனேன். கணினிகளைப் பழைய சாரி ஒன்றால் மூடியிருந்தார்கள். சாரியில் விரலை வைத்தால் தூசி ஒட்டியது. மின்சாரம் துண்டிக்கப்பட்டிருந்தது. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் கூடியது, 2023 பெப்ரவரியில் இன்னும் 66 வீதம். இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய மூன்று மடங்கு. பிறகு குறைத்தார்கள் என்றாலும் அதற்குள் பாக்கி ஏறிவிட்டது. கீழே வாசிகசாலை மேசையில் பழைய பேப்பர்கள் கிடந்தன. பேப்பர் கடைக்கும் கடன் இருந்ததால் புதிது வரவில்லை. ஒரு முதியவர் வெளி விறாந்தையில் இருந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த பேப்பரை வாசித்துக்கொண்டிருந்தார். கதவு பூட்டியிருந்தாலும் அந்த இடத்துக்கு வரும் பழக்கத்தை அவரால் விட முடியவில்லை.

அந்த நிலையத்துக்கு உதவியவர்கள் நல்லவர்கள், தாராளமானவர்கள். மாதம் எவ்வளவு செலவாகும் என்று அவர்களிடம் எவருமே சொல்லவில்லை. கட்டடத்துக்குக் கொடுத்தவரிடம் கரண்ட் பில்லுக்கும் கேட்டால் மரியாதையாக இருக்காது என்று நிர்வாகம் நினைத்தது. திறப்பு விழாவோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று அவர்களும் நினைத்துக்கொண்டார்கள்.

நடத்தும் செலவுக்கு ஊரே பொறுப்பெடுப்பது நமக்குப் புதிதல்ல. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் தொடங்கிய சைவப் பள்ளிக்கூடம் பிடியரிசியால் நடந்தது என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். உலையில் போடுமுன் ஒரு பிடியை எடுத்துப் புறம்பாக வைப்பது. கொடுக்கிறவருக்குப் பாரம் தெரியாது, வாங்குகிற இடத்துக்கு மாதாமாதம் வரும். இன்றைக்கு அதை இப்படிப் போட்டுப் பாருங்கள். ஒரு நிலையத்துக்குப் பேப்பர், மின்சாரம், கூட்டித் துடைப்பவருக்கும் பின்னேரம் திறந்து வைத்திருக்கும் பிள்ளைக்கும் சிறு கொடுப்பனவு என்று மாதம் 15,000 ரூபா தேவை என்று வைப்போம். 60 குடும்பங்கள் மாதம் 250 ரூபா கொடுத்தால் அது வந்துவிடும். முழுவதும் வராவிட்டாலும், பாதி ஊரிலிருந்து வருகிறது என்று காட்டினால் மற்றப் பாதியைக் கேட்கும் தைரியம் தானாக வரும்.

இன்னொரு வழி, கட்டடத்துக்கு வரும் காசிலேயே ஒரு பங்கை ஒதுக்கச் சொல்லிக் கேட்பது. ஒருவர் 20 இலட்சம் தர இருக்கிறார். கட்டடத்தை 15 இலட்சத்துக்குள் சுருக்கி, 5 இலட்சத்தைச் சங்கத்தின் பெயரில் நிலையான வைப்பில் போட்டால், 8 வீத வட்டி என்று பார்த்தாலும் வருடம் 40,000 ரூபா. வட்டியில் பிடிக்கும் 10 வீத வரி போனால் 36,000. மாதம் 3,000 ரூபா, கதவு திறந்திருக்கும் காலமெல்லாம் வரும். வட்டி கூடும் குறையும், ஆனாலும் பேப்பர் கடைக்காரர் நிற்பாட்ட மாட்டார். மேல்மாடி இல்லாமல் ஒரு வாசிகசாலை நடக்கும். பேப்பர் இல்லாமல் நடக்காது.

வெளிநாட்டு ஊர்ச் சங்கத்துக்கு எழுதும்போது இதை மறைக்காமல் எழுதுங்கள். மதிப்பீட்டின் கடைசி வரியாக "24 மாத நடைமுறைச் செலவு" என்று தொகையோடு போடுங்கள். எத்தனை பேர் சிரமதானத்துக்கு வந்தார்கள், எத்தனை மணித்தியாலம் நின்றார்கள் என்பதையும் கையெழுத்துத் தாளோடு சேர்த்து அனுப்புங்கள். ஊரின் பங்கு அதுதான், அதற்கும் மதிப்பு உண்டு. காசு சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு வரட்டும். உண்டியல் மூலமோ (வங்கிக்கு வெளியே ஆள் மூலம் காசு அனுப்பும் முறை) ஒருவரின் சொந்தக் கணக்குக்கோ வந்த காசால் நல்ல மனிதர்களின் பெயர் கெட்டுப்போனதை நான் பல தடவை பார்த்துவிட்டேன். உதவி பெறும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால், பற்றுச்சீட்டும் கணக்கறிக்கையும் அனுப்புகிறோம் என்று தயங்காமல் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை நாளைக்கு அதே வகுப்பில்தான் போய் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. பொருளாளர் வெளிநாடு போகப்போகிறார் என்றால் பயணத்துக்கு முன் கூட்டம் வையுங்கள். கனடா விசா வந்து, கிழமைக்குள் போய்விட்டவர்களின் கையெழுத்தில் பல சங்கக் கணக்குகள் மாட்டிக்கொண்டிருக்கின்றன. சில இடத்தில் வெறும் காசோலைகளில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போகிறார்கள். நம்பிக்கையில் செய்வதுதான். ஆனால் ஒரு தாள் தொலைந்தால் அங்கே இருக்கும் அவருக்கும் நிம்மதியில்லை, இங்கே இருப்பவருக்கும் நிம்மதியில்லை. புதியவரைத் தெரிவுசெய்த தீர்மானத்தோடு வங்கிக்கு ஒரு நடை போனால் விடயம் முடிந்துவிடும்.

அந்த வலிகாம நிலையத்துக்கு நானும் நிர்வாகமும் இருந்து ஒரு கடிதம் எழுதினோம். பாக்கி இவ்வளவு, மாதச் செலவு இவ்வளவு, ஊரில் இத்தனை குடும்பங்கள் சந்தா கொடுக்கச் சம்மதித்திருக்கின்றன, மிச்சம் இவ்வளவு என்று ஒரு பக்கத்தில் எழுதி, கணக்கறிக்கையையும் இணைத்தோம். செயலாளர் தம்பிக்கு அனுப்பவே மனமில்லை, "என்ன நினைப்பினமோ" என்று வட்ஸ்அப்பைத் திறந்து திறந்து மூடினார். அனுப்பிய அன்றிரவே மேல்மாடிக்குக் காசு தந்த பெரியவர் கோல் எடுத்தார். "இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். வாசலில் பாக்கி கட்டிய பற்றுச்சீட்டு ஒட்டியிருக்கிறது, பக்கத்தில் சந்தா கொடுத்தவர்களின் பட்டியல். விறாந்தையில் இருந்த முதியவரின் பெயர் அதில் மூன்றாவது.