ஏர் ஹேமர் அடிக்கவில்லையா? பிரிப்பதற்கு முன் காற்றைப் பாருங்கள்

கம்ப்ரசர் காற்றின் பலத்தில் உளியை அடிக்கும் கருவிதான் ஏர் ஹேமர். ட்ரிகரை அழுத்தினால் 'புஸ்' என்று காற்று போகிறது, உளி மட்டும் அசைய மாட்டேன் என்கிறது. அல்லது அசைகிறது, அடியில் பலமில்லை. உடனே வைஸில் மாட்டிப் பிரித்துவிடுகிறோம். உள்ளே எல்லாம் நன்றாகவே இருக்கிறது. பல நேரம் பழுது ஹோஸின் இன்னொரு முனையில்தான்.

கையடக்க ஏர் ஹேமர்களில் பெரும்பாலானவை 90 பிஎஸ்ஐ, அதாவது ஏறக்குறைய 6.2 பார் அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை. அந்த 90, ஹேமரின் வாயில், அதுவும் ட்ரிகரை அழுத்தியிருக்கும்போது இருக்க வேண்டிய அளவு. கம்ப்ரசர் டேங்கின் கேஜ் (அழுத்தமானி) 120 காட்டுவதால் பயனில்லை. ஹேமரின் வாயில் ஒரு டி-யும் (மூன்று வாய் உள்ள இணைப்பு) சின்ன கேஜும் மாட்டிப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 90 காட்டும் முள், அழுத்தியதும் 60-க்குச் சரிந்தால் குற்றவாளி லைன்தான்: அடைத்த ஃபில்டர், தேய்ந்த கப்ளர் (ஹோஸை மாட்டிக் கழற்றும் இணைப்பு), அல்லது மெலிந்த ஹோஸ். ஹோஸின் உள்விட்டம் குறைந்தது 10 மி.மீ. வேண்டும். 6 மி.மீ. ஹோஸை 15 மீட்டருக்கு இழுத்துவிட்டு ஹேமரைத் திட்டக் கூடாது. அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரை ஏற்றிச் சமாளிப்பதும் வேண்டாம். ட்ரிகரைத் தொட்ட நொடியில் விழும் முதல் சில அடிகள் ஹேமர் தாங்கும் அளவை மீறிவிடும். கைப்பிடியிலேயே ரெகுலேட்டர் திருகு உள்ள மாடல் என்றால், அதிர்வில் அது தானாக மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

காற்று சரி, ஆனாலும் அடி இல்லை என்றால் பிஸ்டனைச் சந்தேகிக்கலாம். வால்வு காற்றைப் பிஸ்டனின் பின்னும் முன்னும் மாற்றி மாற்றி விட, பிஸ்டன் பாய்ந்து உளியின் தண்டில் மோதுகிறது. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடைவெளி மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குதான். அங்கே கொஞ்சம் பிசின் படிந்தாலும் போதும், பிடித்துக்கொள்ளும். காற்றைத் துண்டித்து, உளியைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்கையும் உளியையும் எடுத்துவிட்டு, ஹேமரை மேலும் கீழும் சாய்த்துப் பாருங்கள். 'டக், டக்' என்று பிஸ்டன் தன் எடையிலேயே ஓட வேண்டும். சத்தம் இல்லையென்றால் சிக்கியிருக்கிறது.

அதற்கும் பிரிக்க வேண்டாம். காற்று நுழையும் வாய் மேலே பார்க்கும்படி நிறுத்தி, ஒரு டீஸ்பூன் மண்ணெண்ணெய் ஊற்றி அரை மணி நேரம் ஊறவிடுங்கள். இடையிடையே மரச்சுத்தியால் சிலிண்டரின் பக்கவாட்டில் மெதுவாகத் தட்டலாம். பிறகு உளியை மாட்டி, மரக்கட்டையில் அழுத்திப் பிடித்து, குறைந்த அழுத்தத்தில் விட்டு விட்டு இயக்குங்கள். வெளியேறும் காற்றோடு மண்ணெண்ணெய் புகையாக வரும். காற்று வெளியேறும் துளையின்மேல் துணியைச் சுற்றிவிடுங்கள், பக்கத்தில் கிரைண்டர் ஓடக் கூடாது. மண்ணெண்ணெய் இருந்த எண்ணெயையும் கழுவிவிடும் என்பதால், முடித்ததும் 8-10 சொட்டு ஏர் டூல் ஆயில் விடுவது கட்டாயம்.

சிக்குவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம்: தண்ணீரும் தப்பான எண்ணெயும். அழுத்திய காற்று ஆறினால் அதிலுள்ள ஈரம் தண்ணீராகிவிடும். டேங்கின் அடிவால்வைத் தினமும் திறந்து வடித்தால் பாதித் தொல்லை தீரும். எஞ்சின் ஆயில் கனமானது, நாளடைவில் பிசினாகும். துரு இளக்கும் ஸ்பிரே எண்ணெய்க்கு மாற்று அல்ல, ஆவியாகிப் போய்விடும். வேலைக்கு முன் 4-5 சொட்டு, தொடர்ந்து ஓடினால் இரண்டு மணிக்கொருமுறை, முடித்தபின் சில சொட்டு விட்டு இரண்டு மூன்று நொடி ஓட்டம். இந்தக் கடைசிச் சொட்டுதான் இரவில் துரு ஏறாமல் காக்கும். பெரும்பாலும் விட்டுப்போவதும் அதுவே.

'சூடானதும் நின்றுவிடுகிறது, ஆறவைத்தால் ஓடுகிறது' என்று சொல்லி வருபவர்கள் உண்டு. காற்று போகும் துளையைப் பார்த்தால் வெள்ளையாக உறைபனி இருக்கும். விரியும் காற்று குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் உறைந்து துளையை அடைத்திருக்கிறது. சூட்டில் நிற்கவில்லை, குளிரில் நின்றிருக்கிறது.

உளியைப் பொருளின் மேல் அழுத்தாமல் ட்ரிகரைத் தட்டிப் பார்ப்பதுதான் ஹேமருக்கு நாமே செய்யும் பெரிய கேடு. வாங்க வேண்டிய அடியைப் பொருள் வாங்காததால் ஸ்பிரிங்கும் சிலிண்டரின் முன்பகுதியும் வாங்குகின்றன. ஸ்பிரிங் உடைந்தால் உளி பறக்கும்.

உளியைக் கழற்றியதும் பிஸ்டன் அடிக்கும் முனையைப் பாருங்கள். புதிதில் விளிம்பு சரிவாக இருக்கும். நாள்பட அது காளான்போல வெளியே மடங்கும். அதோடு உருவினால், உளி நுழையும் புஷ்ஷின் உட்புறம் கீறிப்போகும். மடிப்பு சின்னதாக இருக்கும்போதே கிரைண்டரில் எடுத்துவிடுங்கள்: முகம் நேராக இருக்கட்டும், அடிக்கடி தண்ணீரில் தோய்த்து எடுங்கள். நீலம் பாய்ந்தால் பதம் போயிற்று, அந்த உளியைத் தூக்கிப் போடுங்கள்.

சிலிண்டரும் கைப்பிடியும் சேரும் மரை அதிர்வில் தளர்ந்தாலும் பலம் குறையும். சோப்புத் தண்ணீர் தடவி இயக்கினால் குமிழி காட்டிக்கொடுக்கும். இறுக்கும்போது சிலிண்டரின் உடம்பை வைஸில் நசுக்காதீர்கள். துளை முட்டை வடிவமானால் பிஸ்டன் மறுபடி பிடிக்கும். வால்வைப் பிரித்தே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு தட்டையும் எடுக்கும் முன் போட்டோ எடுங்கள். ஒன்று திரும்பி விழுந்தாலும் 'புஸ்'தான்.

ட்ரிகரை விட்டபின்னும் காற்று கசிந்தால், பெரும்பாலும் தேய்ந்த ஓ-ரிங் (ரப்பர் வளையம்), அல்லது வால்வடியில் தூசி.

கப்ளரை ஹேமரில் நேரடியாக மாட்டாமல் இடையில் அரை மீட்டர் ஹோஸ் கொடுங்கள், அதிர்வில் கப்ளர் தேயாது. உளி மாற்றும்போது காற்றைத் துண்டித்து, மிச்சக் காற்றை ட்ரிகரில் வெளியேற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். கண்ணாடியும் காதடைப்பும் இல்லாமல் தொடவே வேண்டாம். விரல் நுனி வெளுத்து மரத்துப்போவது அதிர்வு நரம்பையும் ரத்தக்குழாயையும் தாக்கும் அறிகுறி. அன்றைய வேலையை அதோடு நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

எல்லாம் செய்தும் அடி மந்தமாகவே இருந்தால் சிலிண்டருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நீளவாக்கில் நகம் தட்டும் அளவுக்குக் கீறல் இருந்தால் பிஸ்டனை மட்டும் மாற்றிப் பயனில்லை, சிலிண்டரோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.